வேஷம் வேண்டாத வீரம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ‘பீனிக்ஸ் ஜோன்ஸ்’ என்றொருவர் முகமூடியணிந்து தெருக்காவல் புரிந்தார். 2011-இல் மிளகுத்திரவம் தெளித்ததாகக் கைதானார். தீமையைத் தடுப்பது கடமையன்றோ, இதில் பிழையென்ன என்று சிலர் கேட்கலாம்.

இரவில் நகர்வலம் வந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், சுவரேறி ஒருவரின் பாவத்தைக் கண்டார்கள் என்றொரு செய்தி உண்டு. தம் தவறு ஒன்று, கலீஃபாவின் தவறோ மூன்று: துருவியது, வாசலை விட்டது, ஸலாமின்றி நுழைந்தது என்றார் அவர். கலீஃபா அவரை விட்டுத் திரும்பினார்கள். ஆட்சியாளருக்கே வரம்பிருக்க, நமக்கில்லையா?

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல்நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் நம் கரிசல் சீமைக் கோவில்பட்டியில் மாண்டனர். ‘போலீஸ் நண்பர்கள்’ மீதும் புகார் எழ, ஜூலையில் அவ்வமைப்புக்குத் தடை வந்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னவரோ, அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். முகம் மறைக்கவில்லை, சாட்சி சொன்னார். அந்தத் துணிவை அல்லாஹ் நமக்கும் அருள்வானாக!