ஐம்பது கிராம் போதும்

சீனாவில் பச்சைத் தேயிலையின் விலையைப் பஞ்சாங்கம் தீர்மானிக்கிறது என்றால் மிகையில்லை. ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி சிங்மிங். முன்னோர் கல்லறைகளைத் துப்புரவாக்கிக் கும்பிடும் நாள். அதற்கு முன் கிள்ளிய கொழுந்துக்கு ஒரு விலை, அதன்பின் ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ வரை கிள்ளியதற்கு வேறு விலை. தோட்டமும் செடியும் அதேதான். குளிரில் மெல்ல வளர்ந்த முதல் துளிரில் கசப்பு குறைவு, மென்மை அதிகம் என்பது உண்மை. ஆனால் கொடுக்கிற காசில் ஒரு பங்கு, மற்றவர்களை முந்திக்கொண்ட பெருமைக்கும் போகிறது.

இந்தப் பெருமையை நம்பித்தான் ஏமாற்று வேலையும் நடக்கிறது. செஜியாங் மாகாணத்தில் ஊனியூசாவ் என்றொரு ரகம் மற்றவற்றுக்கு வெகு முன்பே துளிர்த்துவிடும். அதை லோங்ஜிங் என்ற பெயர்பெற்ற பச்சைத் தேயிலை போலவே தட்டையாக வறுத்து, லோங்ஜிங் என்றே விற்பவர்கள் உண்டு. முதலில் சந்தைக்கு வந்தது என்பதாலேயே உசத்தி ஆகிவிடாது.

சிங்கப்பூர் சைனாடவுனில் நான் வாங்குவது தேயிலை மட்டுமே விற்கும் சின்னக் கடை. அங்கிருக்கும் பெரியவர் விலை சொல்வதற்கு முன் ருசி பார்க்கத் தருவார். கண்ணாடித் தம்ளரில் ஒரு சிட்டிகை இலை, 80 டிகிரி வரை ஆறவிட்ட வெந்நீர். பச்சைப்பயறை வெறும் சட்டியில் வறுக்கும்போது எழுமே, அதற்குப் பக்கத்தில் ஒரு வாசம். “இது லோங்ஜிங்தான், ஆனால் ஹாங்ஜோ மேற்கு ஏரி இலை இல்லை, அதே மாகாணத்தில் வேறு பகுதி, அதனால்தான் இந்த விலை” என்று கேட்காமலே சொல்வார். எனக்கு அந்த வித்தியாசத்தை நாக்கில் பிடிக்கத் தெரியாது. நம்மால் சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை வாங்கும்போது, தன் சரக்கைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லக்கூடிய ஆளிடம் போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நூறு கிராம் கேட்டால் ஐம்பது போதும் என்பார். கிள்ளிய இலையைச் சூடான சட்டியில் போட்டுப் புரட்டுவது, அது கறுக்காமல் பச்சையிலேயே நிற்பதற்காக. அந்தப் புதுமை நிலைப்பதில்லை. காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றும் அதைத் தின்னும். சிங்கப்பூரின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். குளிர்பெட்டியில் காற்றுப் புகாமல் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரித்தால் இலையில் நீர் வேர்த்துவிடும், அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். இத்தனை செய்தாலும் அடுத்த வசந்தத்துக்குள் குடித்துத் தீர்ப்பதே நல்லது.

திருச்சிக்கு அம்மாவிடம் ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். அடுத்த முறை போனபோது அது பீரோவில், எப்போதோ வந்த சென்ட் பாட்டில்களுக்குப் பக்கத்தில், பிரிக்காமல் இருந்தது. “யாராச்சும் வந்தா போட்டுக் கொடுக்கலாம்னுதான்” என்றாள். சிரிக்கத் தோன்றவில்லை. நல்ல பொருள் எப்போதாவதுதான் வீட்டுக்கு வரும் என்ற காலத்தில் பழகிய கை அது. நெல்லையும் புளியையும் நகையையும் அந்தக் கைதான் காப்பாற்றியது. ஆனால் தேயிலை விஷயத்தில் அதே கை, பொருளை மெல்லக் கொல்கிறது.

என்னிடமும் அந்தப் பழக்கம் இருக்கிறது. அவசரமான காலையில், ஒருத்திக்காக மட்டும், நல்ல இலையை எடுக்கத் தயக்கம். பால் டீ போதாதா என்று உள்ளே ஒரு குரல். விலையைவிட இந்தக் குரல்தான் என்னைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். விருந்தாளிக்கு இருக்கிற தகுதி தனக்கு இருப்பதாக ஒப்புக்கொள்ள நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. இப்போது நான் சிங்மிங்குக்குப் பிந்திய இலையையே வாங்குகிறேன். விலை குறைவு என்பதால் கை தாராளமாகப் போகிறது. சாறும் கொஞ்சம் அழுத்தமாக இறங்குகிறது.

இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். சேர்த்துவைக்காமல் இருக்க முடியாதவர்களுக்கும் தன்னிடம் சரக்கு உண்டு என்று மேல்தட்டைக் காட்டினார். யுன்னான் மாகாணத்துப் பூயெர், 357 கிராம் வட்டு. ஆண்டுகள் ஏற ஏற மதிப்பு கூடும் தேயிலை. அம்மாவுக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறேன். பீரோவில் இடம் இருக்கும்.