அனுமதி கொடுத்தவரின் கடன்

2020 மே 22ஆம் திகதி த பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை இலங்கை மத்திய வங்கியின் நாணயச் சபை இரத்துச் செய்தது. ஜூலை 13இல் ஈ.ரி.ஐ. பினான்ஸின் முறை வந்தது. வைப்பாளர் ஒருவருக்குக் காப்புறுதியாகக் கிடைத்தது ஆகக்கூடியது 6 இலட்சம் ரூபா. சட்டம் அதோடு கையைக் கழுவலாம். அறம் கழுவ முடியாது. அனுமதி கொடுத்தவரே அந்தப் பணத்துக்கு முதற் பொறுப்பாளி.

வைப்பிலிடுபவர் கம்பனியின் ஐந்தொகையைப் படித்துவிட்டுப் போவதில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் அனுமதிப்பத்திரத்தை நம்பியே ஓய்வூதியப் பணத்தையும் மகளின் சீதனக் காசையும் ஒப்படைக்கிறார். பிறர் பொருளைத் தம்முடையதுபோலப் பேணுவதே வாணிகம் என்று குறளின் நடுவுநிலைமை அதிகாரம் சொல்கிறது. பூம்புகார் வணிகரைப் பட்டினப்பாலை புகழ்ந்ததும் அந்த நேர்மைக்காகவே. சிலம்பின் பாண்டியன் பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டுத் தப்பவில்லை. ஆராயாமல் ஆணையிட்ட குற்றம் தன்னதென்று உயிரையே விட்டான்.

கெட்டுப்போன நிறுவனத்தைத் திறந்து வைத்தால் புதியவர்களும் ஏமாறுவார்கள் என்பது உண்மையே. கொடியோரைத் தண்டிப்பதைப் பயிரில் களைகட்டலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஆனால் களை விதை கொட்டிய பிறகு பிடுங்கி என்ன பயன்? 2008இல் சிலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோதே அதே குழுமத்தின் த பினான்ஸும் ஆட்டம் கண்டது. இரத்து வந்தது 12 ஆண்டு கழித்து.

வன்னியில் இந்தப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. காலபோக நெல்லை விற்று மிஞ்சியதைப் பலர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் போடுகிறார்கள். 2009 போரில் வங்கிப் புத்தகம், அடகுச் சிட்டை, நகை என்று எல்லாவற்றையும் ஒருதரம் பறிகொடுத்த சனம் இது. இந்தச் சங்கங்கள் மத்திய வங்கியின் கீழ் இல்லை. கூட்டுறவுத் திணைக்களத்தின் கீழ் உள்ளன. வைப்புக் காப்புறுதி இவற்றுக்கு இல்லை. 2021இல் 6 இலட்சம் 11 இலட்சமாக உயர்ந்தபோதும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாச் சங்கங்களின் சேமிப்பாளருக்கு ஒரு சதமும் கூடவில்லை. இந்தியாவில் 2022 செப்டெம்பரில் புனேயின் ரூபீ கூட்டுறவு வங்கி உரிமம் இழந்தபோது, கூட்டுறவு வங்கியாக இருந்தும், ஒருவருக்கு 5 இலட்சம் ரூபா வரை காப்புறுதி இருந்தது.

இங்கும் அந்தக் காப்புறுதி வேண்டும். கணக்காய்வில் ஓட்டை தெரிந்தால் பொதுக்கூட்டத்தில் உடனே வாசிக்க வேண்டும். அன்றே புதிய வைப்பு ஏற்பதை நிறுத்த வேண்டும். பதிவை இரத்துச் செய்யும் கையெழுத்துக்கு முன்னர் சிறு சேமிப்பாளரின் பணம் எண்ணி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.