மாடமும் கைப்பிடியும்

பேராக் ஆற்றங்கரையில் அமைந்த அரச நகரம் கோலா கங்சார். அந்த ஆற்றை அடுத்த பழைய மலாய் வீடுகள் தரையில் அமர்ந்திருப்பதில்லை. மரக்கால்களின்மேல் உயர்ந்து நிற்பன. வீட்டின் முகப்பில் செராம்பி எனப்படும் திறந்த திண்ணை இருக்கும். மாலையில் அங்கே அமர்ந்தால் காற்று வரும். ஆற்றின் அழகும் கண்ணுக்கு விருந்தாகும். ஆயினும் அவ்வீட்டை அமைத்த தச்சன் முதலில் எண்ணியது மாலைக் காற்றை அன்று. மழைக்காலத்து வெள்ளத்தையும் ஈரத்தையும் விலங்குகளையுமே எண்ணினான். 1926ஆம் ஆண்டின் இறுதியில் பேராக் ஆறு பெருவெள்ளமாகப் பெருகியபோது கோலா கங்சாரும் அதன் சீற்றத்துக்கு ஆளாயிற்று. ஆற்றின் அமைதியை மட்டும் நம்பி வீடு கட்டலாகாது என்னும் பாடத்தை அந்நகரம் அன்று மீண்டும் ஒருமுறை கற்றது. முதலில் காப்பு, பின்னரே காட்சி என்பது அத்திண்ணையின் நெறி.

இன்று கடலில் மிதக்கும் உல்லாசக் கப்பல்களில் இந்நெறி ஒரு கடினமான வினாவாக உருவெடுத்திருக்கிறது. பத்து மாடிக் கட்டடத்தினும் உயர்ந்த அக்கப்பல்களின் இருமருங்கும், தேன்கூட்டின் அறைகளைப் போல வரிசை வரிசையாக மாடங்கள் அமைந்துள்ளன. அறைக்கதவைத் திறந்தால் மாடம். மாடத்தைத் தாண்டினால் கடல். மாடமுள்ள அறைக்கு ஒரு விலை, சன்னல் மட்டும் உள்ள அறைக்கு ஒரு விலை, சன்னலே இல்லாத அறைக்கு மற்றொரு விலை என வாணிகம் வகுத்து வைத்திருக்கிறது. இதில் தவறு காண்பதற்கில்லை. அழகுக்கு விலை கொடுப்பவன் கொடுக்கட்டும். ஆனால் கைப்பிடியின் உறுதியும் கண்ணாடியின் தடிப்பும் கதவின் பூட்டும் அந்த விலையைச் சார்ந்தனவா? விற்கத்தக்கது எது, விற்கத்தகாதது எது? கட்டுபவனுக்கும் நடத்துபவனுக்கும் பயணிக்கும் பொதுவான அறவினா இதுவே.

புயலின் இயல்பை அறிந்தால் இவ்வினாவின் கனம் விளங்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தாக்கும் விசை நான்கு மடங்காகும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுடையது. அத்தகைய நீர்த்திரள் வேகத்தோடு வந்து மோதும்போது, மாடத்தின் கண்ணாடித் தடுப்பும் கதவும் நாற்காலியும் எம்மாத்திரம்? கப்பல்களின் காப்புக் கம்பிகள் குறைந்தது 1 மீட்டர் உயரம் இருத்தல் வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்பிய விதி. 2010ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம் பயணிகள் கப்பலுக்கு அதனை 42 அங்குலமாக உயர்த்தியது. நிற்கும் மனிதன் தவறி விழாதபடி இந்த அளவு காக்கலாம். எழுந்துவரும் அலையை அது தடுக்காது. ஆகவேதான் கடல் கொந்தளிக்கும்போது மாடங்களுக்குச் செல்லாதீர் என்று மாலுமிகள் எச்சரிக்கின்றனர்.

அவ்வெச்சரிக்கை வெறும் சடங்கன்று என்பதற்குச் சான்றுகள் உள. 2005 ஏப்ரலில் 'நார்வீஜியன் டான்' என்னும் கப்பலை அட்லாண்டிக் கடலில் ஒரு பேரலை தாக்கிச் சன்னல்களை உடைத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட அறைகளில் நீர் புகுந்தது. 2010 மார்ச்சு 3ஆம் நாள் ஸ்பெயின் கரைக்கு அப்பால் 'லூயிஸ் மெஜஸ்டி' என்னும் கப்பலின் கூடத்துக் கண்ணாடிகளை அலைகள் நொறுக்க, இருவர் உயிரிழந்தனர். 2022 நவம்பரில் தென் அமெரிக்காவின் தென்கோடிக்கு அருகே 'வைக்கிங் போலாரிஸ்' கப்பலின் அறைச் சன்னல்கள் உடைந்து ஒரு பயணி மாண்டார், நால்வர் காயமுற்றனர். கடலுக்கும் மனிதனுக்கும் இடையே நின்றது ஒரு கண்ணாடிப் பலகை. காட்சியை அளித்ததும் அதுவே, காக்கத் தவறியதும் அதுவே.

இத்தகைய பேரலைகளைப் பற்றி மாலுமிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தனர். கரையில் இருந்த கற்றோர் பலர் அதனை மிகையென்றே கொண்டனர். 1995 சனவரி முதல் நாள், நார்வேயை அடுத்த வடகடலில் 'டிராப்னர்' என்னும் எரிவாயுத் தளத்தின் கருவி 25.6 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்த பின்னரே அவர்தம் சொல் ஏற்கப்பட்டது. ஆபத்தை நாள்தோறும் எதிர்கொள்ளும் உழைப்பாளியின் அறிவைக் கருவியின் சான்று வரும்வரை புறக்கணிப்பதும் ஓர் அறப்பிழையே ஆகும்.

மாடத்தை அச்சுறுத்துவது நீர் மட்டுமன்று. 2006 மார்ச்சு 23ஆம் நாள் விடியற்காலையில், கரீபியக் கடலில் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் மாடம் ஒன்றில் தீ மூண்டது. அணையாத சிகரெட்டுத் துண்டே காரணமாக இருக்கலாம் என்று ஆய்ந்தோர் கண்டனர். மாடங்களைப் பிரித்த தடுப்புகள் எரியும் இயல்புடைய செயற்கைப் பொருளால் ஆனவை. கடற்காற்று தீயை மாடத்திலிருந்து மாடத்துக்குத் தாவச் செய்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமுற்றன. ஒரு பயணி உயிரிழந்தார். வருமுன் காவாதவன் வாழ்க்கை நெருப்பின்முன் வைத்த வைக்கோற்போராகும் என்று வள்ளுவர் காட்டிய உவமை, இங்கே உவமையாக நில்லாமல் நிகழ்ச்சியாகவே மாறிவிட்டது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கப்பலின் உட்பகுதிக்கு எரியாப் பொருள், தீ உணர்த்தி, நீர்த்தெளிப்பான் என விதிகள் பல இருந்தன. மாடமோ கப்பலின் வெளிப்புறமாகக் கருதப்பட்டதால் அவ்விதிகள் அதனை எட்டவில்லை. எந்த விதியையும் மீறாத ஓர் இடத்திலேதான் உயிர் போயிற்று. பின்னர் அனைத்துலகக் கடல்சார் அமைப்பு விதிகளைத் திருத்தியது. 2008 சூலை முதல் நாள் அவை நடைமுறைக்கு வந்தன. விதி பிறப்பதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

இதுபோன்ற கதையை 1912ஆம் ஆண்டிலேயே உலகம் கண்டிருந்தது. 'டைட்டானிக்' கப்பலில் இருந்தவர்கள் 2,200 பேருக்கும் மேல். உயிர்காக்கும் படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்கே. எனினும் அன்றைய சட்டம் கேட்ட அளவுக்கு மேலாகவே அங்குப் படகுகள் இருந்தன! முதல் வகுப்புப் பயணிகளில் பத்தில் ஆறு பேர் அளவில் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே பிழைத்தனர். சட்டத்தை நிறைவேற்றுவது வேறு, கடமையை நிறைவேற்றுவது வேறு என்பதை இக்கணக்குப் புலப்படுத்துகிறது. சட்டம் நேற்றைய விபத்துக்கு விடை கூறுவது. நாளைய விபத்தை எண்ணிப் பார்ப்பது மனச்சான்றின் வேலை.

கடலைக் காணாத கோலா கங்சாருக்கு இக்கப்பற் கதைகளோடு என்ன உறவு என்று வினவலாம். உறவு மிக நெருங்கியது. 1877ஆம் ஆண்டு அந்நகரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் முதுமரமாக நிற்கிறது. அக்கன்றுகளின் வழிவந்த தொழில் வளர வளர, தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் தொற்றுத்தடுப்பு நாள்களைக் கழித்து, இரயிலேறிப் பேராக்கின் தோட்டங்களை அடைந்தவர் எண்ணற்றோர். அவர்களை நெடுங்காலம் சுமந்த 'ரஜூலா' கப்பல் கட்டப்பட்ட ஆண்டும், பேராக் ஆறு பெருகிய அதே 1926தான். ஏறத்தாழ ஐயாயிரம் தளப்பயணிகளை ஏற்ற இடமளிக்கப்பட்ட அக்கப்பலில் அறை பெற்றவர் மிகச் சிலரே. மற்றவர்க்குப் பாயும் தகரப்பெட்டியும் வீடு, கப்பற்றளமே முற்றம். கடற்காட்சி அவர்களுக்கு விலையின்றிக் கிடைத்தது. மழையும் காற்றும் உப்புநீரும் அவ்வாறே கிடைத்தன. கட்டணம் குறைந்தவனுக்குக் காப்பும் குறைவு என்னும் எழுதாச் சட்டம் அத்தளத்தில் ஆட்சி செய்தது.

ரஜூலாவுக்குப் பின் அக்கடல்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். உறவினரைக் காணப் போனவர், கண்டு திரும்பியவர் என இருகரைக் குடும்பங்களையும் இணைத்த கப்பல் அது. கடலில் காப்பு என்பது தமிழர்க்கு ஏட்டுப் பொருளன்று என்பதற்கு இது ஒன்றே சாலும்.

இன்று, பாயை விரித்துத் தளத்தில் படுத்து வந்தவரின் பேரன் பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ உல்லாசக் கப்பலேறி மாடத்தில் நிற்கக் கூடும். காலம் அவனை உயர்த்தியிருக்கிறது. மகிழ வேண்டிய உயர்வே அது. ஆனால் அக்கப்பலின் அடித்தளத்தில் சன்னலற்ற அறைகளில் உறங்கும் ஊழியர்கள் இருக்கின்றனர். புயல் எழும்போது திறந்த தளங்களுக்குச் சென்று கதவுகளை அடைப்பவர்களும் நாற்காலிகளைக் கட்டுபவர்களும் அவர்களே. மாடத்தில் நிற்பவனின் பாதுகாப்பு, மாடமே இல்லாதவனின் உழைப்பால் ஆனது. அவ்வுழைப்பாளியின் உயிருக்குரிய காப்பு ஓரங்குலமும் குறைதல் ஆகாது.

இதற்கு மறுப்புரைப்போரும் உண்டு. "முழுமையான பாதுகாப்பு உலகில் எங்கே உள்ளது? ஆபத்தை முற்றும் நீக்க வேண்டுமாயின் மாடத்தைச் சுவரெழுப்பி மூட வேண்டும். பிறகு கடலுக்கு ஏன் செல்ல வேண்டும்? விரும்பி ஏறுபவன் விளைவையும் ஏற்கட்டும்" என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. சிலப்பதிகாரம் புகார் நகரின் உயர்ந்த மாடங்களைப் புகழ்ந்து காட்டுகிறது. அதே நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. கடலருகே வாழ்வு என்றால் அதில் அச்சமும் அடங்கியதே. எனினும் அவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. அறிந்த ஆபத்தை மட்டுமே மனிதன் விரும்பி ஏற்க முடியும். அலை உயரும் என்பது பயணிக்குத் தெரியும். தடுப்புப் பலகை எரியும் என்பதும், சன்னற்சட்டம் இத்தனை விசைக்குமேல் தாங்காது என்பதும் அவனுக்குத் தெரியா. தெரிந்தவன் கட்டியவன். தெரியாதவனின் ஒப்புதலைத் தெரிந்தவன் தன் பிழைக்குக் கேடயமாக்குவது அறமாகாது. அறிவு எவனிடம் மிகுதியோ, பொறுப்பும் அவனிடமே மிகுதி.

அதனால் பயணி பொறுப்பிலிருந்து விடுபட்டான் என்று கொள்ளலாகாது. ஒரு சிகரெட்டுத் துண்டு மற்றொருவனின் உயிரைக் குடிக்கக் கூடும் என்பதை நினைத்தல் வேண்டும். என் அறை, என் மாடம், என் பணம் என்று எண்ணுபவன் தான் ஏறியிருப்பது ஒரே கப்பல் என்பதை மறந்தவன். எச்சரிக்கை ஒலித்த பின்னும் படம் எடுப்பதற்காக மாடத்தில் நிற்பவன் தன் உயிரோடு, தன்னைக் காக்க ஓடிவரும் ஊழியனின் உயிரையும் பணயம் வைக்கிறான். கட்டுபவனின் கடமை முன்னெண்ணம். நடத்துபவனின் கடமை உண்மையுரைத்தல். பயணியின் கடமை அடக்கம். மூன்றில் ஒன்று குறையினும் கைப்பிடி வெறும் கம்பியாகிவிடும்.

கோலா கங்சாருக்கு அருகே காராய் என்னும் இடத்தில் பேராக் ஆற்றைக் கடந்து நிற்கிறது விக்டோரியா இரயில் பாலம். 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலம் 1926ஆம் ஆண்டு வெள்ளத்தையும் கண்டது. 2002ஆம் ஆண்டு வரை அதன்வழியே இரயில் சென்றது. அதன் செங்கல் தூண்களின் அடியில் ஆறு பெரும்பாலான நாள்களில் அமைதியாகவே ஓடுகிறது. அந்த அமைதியை மட்டும் கண்டு கட்டியிருந்தால் அப்பாலம் என்றோ கதையாகியிருக்கும். அப்பாலத்தைக் கடந்த இரயில்களில் முதல் வகுப்பினரும் இருந்தனர், மூன்றாம் வகுப்பினரும் இருந்தனர். பெட்டிகள் வேறாயினும் அனைவரையும் தாங்கிய தூண்கள் ஒன்றே.

கப்பலுக்கும் உரிய நெறி அத்தூண்களிடம் இருக்கிறது. மெத்தை வேறுபடலாம், உணவு வேறுபடலாம், கடலைக் காணும் சன்னலும் வேறுபடலாம். உயிரைத் தாங்கும் இடத்தில் வேறுபாடு புகலாகாது. காட்சிக்கு விலை வைப்பவன் வாணிகன். காப்புக்கும் விலை வைப்பவன் வாணிகன் என்னும் பெயருக்கும் உரியவன் அல்லன்.