விடுமுறையில் விடலாகாதது

வெளியூர்ப் பயணம் முடிந்து திரும்புகிறவனை வீடு இரண்டு விதமாக எதிர்கொள்கிறது. அவன் விட்டுச் சென்றபடியே கிடக்கும் பொருள்கள் ஒருபுறம்: தூசி படிந்த தரை, கொடியில் மறந்துபோன துண்டு, வாடிய துளசிச் செடி. அவன் இல்லாதபோது வந்து சேர்ந்தவை மறுபுறம்: கதவிடுக்கின் வழியே போடப்பட்ட மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதம், அபூர்வமாக ஒரு நண்பரின் அஞ்சலட்டை. ரசீதுக்கு உரிய தொகையைச் செலுத்தினால் கணக்கு முடிந்துவிடுகிறது. அஞ்சலட்டைக்குச் செலுத்த வேண்டியது என்ன? பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, மனிதன் மனிதனுக்கு எந்த அளவில் கடமைப்பட்டவன் என்ற பெரிய கேள்வியோடு பிணைந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். நாக்பூரில் வசிக்கும் வங்கி அலுவலர் ஒருவர் செப்டம்பர் இறுதியில் குடும்பத்தோடு ஹிமாசலப் பிரதேசத்துக்குச் சென்று, பன்னிரண்டு நாள்கள் தங்கித் திரும்புகிறார். அவருடைய கைப்பேசியில் எழுநூறு புகைப்படங்கள். கதவைத் திறந்ததும் காலடியில் ஓர் அஞ்சலட்டை கிடக்கிறது. ஜபல்பூரில் வாழும் பழைய நண்பர் எழுதியது. முன்பு ஒரே கிளையில் அவரோடு பணிபுரிந்தவர். இப்போது ஓய்வு பெற்றுத் தனியே இருப்பவர். செய்தி நான்கே வரி: "மழை ஓய்ந்துவிட்டது. நர்மதையில் வெள்ளம் வடிந்து, குவாரிகாட் படிகள் வெளியே தெரிகின்றன. மாலையில் அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் நினைவு வந்தது. நான் நலம், நீ நலமாக இரு."

அஞ்சலக முத்திரையில் உள்ள தேதியை அலுவலர் பார்க்கிறார். அவர் பனிமலைக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், எங்கோ ஒரு நதிக்கரையில் ஒருவர் அவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரோ அந்தப் பன்னிரண்டு நாள்களில் ஒருமுறைகூட அந்த நண்பரை எண்ணவில்லை. அட்டையைப் பார்த்ததும் எழும் மகிழ்ச்சியோடு ஒரு மெல்லிய கூச்சமும் கலந்துவிடுகிறது. அந்தக் கூச்சம் நியாயமானதா?

எந்த முறையை விடுவது?

'விடுமுறை' என்ற சொல்லிலேயே விடைக்கான ஒரு குறிப்பு இருக்கிறது. தமிழில் 'முறை' என்பதற்குப் பல பொருள்கள் உண்டு. அன்றாட ஒழுங்கு ஒன்று. 'அவர் உங்களுக்கு என்ன முறை?' என்று கேட்கும்போது அது உறவைக் குறிக்கிறது. 'முறையா இது?' என்று கேட்கும்போது அது நியாயத்தைக் குறிக்கிறது. விடுமுறையில் மனிதன் விட வேண்டியது இவற்றுள் முதலாவதை மட்டுமே. அலுவலக நேரம், கோப்புகள், கணக்குகள், அவசரம் ஆகியவற்றை அவன் இறக்கி வைக்கலாம். இறக்கி வைக்கவும் வேண்டும். ஓய்வு உடலுக்கும் மனத்துக்கும் உரிய மருந்து. ஆனால் உறவாகிய முறைக்கும் நியாயமாகிய முறைக்கும் விடுப்பு இல்லை.

ஆகவே விடுமுறை ஒரு சோதனையாகவும் அமைந்துவிடுகிறது. எதை எதையெல்லாம் மனம் சுமையாகக் கருதியிருந்ததோ, அதையெல்லாம் அது ஊர் எல்லையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் புறப்படுகிறது. அப்படி இறக்கி வைத்தவற்றுள் நண்பரும் ஒருவராக இருந்தால், அவர் எப்போதோ மனத்துக்குள் சுமைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டார் என்று பொருள். அட்டை தரும் கூச்சத்தின் மூலம் இதுவே. பன்னிரண்டு நாள்களின் மறதியைவிட, அதற்கு முன்பே பல மாதங்களாக நடந்திருந்த விலகலே மனத்தை உறுத்துகிறது.

நினைவு வராதது குற்றமா?

இங்கே ஒரு தடை எழலாம். நினைவு என்பது கட்டளைக்கு அடங்கி வருவதன்று. நதியைப் பார்த்ததும் ஒருவருக்கு நண்பரின் முகம் தோன்றுகிறது. மலையைப் பார்த்த மற்றொருவருக்கு எந்த முகமும் தோன்றவில்லை. தோன்றாததற்கு யார் பொறுப்பு? தன் வசத்தில் இல்லாத ஒன்றுக்காக மனிதனைக் குறை கூறுவது அறமாகாது.

இந்தத் தடை நியாயமானது, முழுமையாக ஏற்கத்தக்கது. நினைவு வராமற்போனதற்காக எவரும் குற்றவாளி ஆவதில்லை. ஆனால் அட்டையைக் கையில் எடுத்த கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. தான் நினைக்கப்பட்டோம் என்பதை அவன் இப்போது அறிகிறான். அறிந்த பின் செய்வதும் செய்யாதிருப்பதும் அவன் வசத்தில் உள்ளவை. நினைவு வராதது இயல்பு. நினைக்கப்பட்டதை அறிந்த பின்னும் வாளாவிருப்பதே குற்றம். அறத்தின் எல்லைக்கோடு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செல்கிறது.

கடனா, கொடையா?

அஞ்சலட்டையின் வரலாறு இந்தக் கேள்விக்கு மேலும் ஒளி தருகிறது. 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியப் பொருளியல் ஆசிரியர் எம்மானுவேல் ஹெர்மான் ஒரு செய்தித்தாளில் இதற்கான யோசனையை வெளியிட்டார். ஒரு சிறு செய்தியைத் தெரிவிக்க உறையும் தாளும் சம்பிரதாய வாசகங்களும் எதற்கு என்பது அவருடைய வாதம். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆஸ்திரியா-ஹங்கேரியில் உலகின் முதல் அரசு அஞ்சலட்டை விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 1879 ஜூலை 1ஆம் நாள் கால் அணா விலையில் அது அறிமுகமானது. சுதந்திர இந்தியாவிலும், ஏழையும் வாங்க இயல வேண்டும் என்பதற்காக, அஞ்சல் துறை பல மடங்கு இழப்பைத் தாங்கிக்கொண்டு அதை மிகக் குறைந்த விலைக்கு விற்றுவந்திருக்கிறது. நாட்டின் ஒரு கோடியில் இருப்பவர் மறுகோடியில் இருப்பவரை நினைப்பதற்கு ஆகும் செலவில் பெரும்பங்கைத் தேசமே ஏற்றுக்கொண்டது எனலாம்.

இந்திய அஞ்சலகங்களில் இருவகை அட்டைகள் வழங்கிவந்தன. ஒன்று சாதாரண அட்டை. மற்றொன்று 'ஜவாபி கார்டு', அதாவது ரிப்ளை கார்டு: இரண்டு அட்டைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒன்றில் செய்தியை எழுதி, மற்றதை விடைக்காகக் காலியாக விட்டு அனுப்புவார்கள். பெறுபவர் அதைக் கிழித்து விடையெழுதித் தபாலில் சேர்த்தால் போதும். விடை கட்டாயம் வேண்டும் என்று கருதுபவர் அனுப்புவது இந்த இரட்டை அட்டை. ஜபல்பூர் நண்பர் அனுப்பியதோ சாதாரண அட்டை. அவர் விடை கேட்கவில்லை. 'எழுது' என்றுகூட எழுதவில்லை.

கேட்காதவருக்குக் கொடுக்க வேண்டியது என்ன இருக்கிறது என்று உலகியல் அறிவு வாதிடும். கொடைகளை மூவகையாகப் பிரிக்கும் கீதையின் பதினேழாம் அத்தியாயம், கைம்மாறு கருதாமல் தருவதையே உயர்ந்ததாக வைக்கிறது. நண்பரின் நான்கு வரிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் எதிர்பாராமல் கொடுப்பது கொடுப்பவரின் நெறி. அதைத் தனக்குச் சலுகையாக எடுத்துக்கொள்வது பெறுபவரின் நெறி ஆகாது. கொடுப்பவரின் துறவு, பெறுபவருக்கு விடுதலைப் பத்திரம் அன்று. கேட்கப்பட்ட கடனைத் திருப்பிச் செலுத்தப் பயம் போதும். வட்டியும் வழக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும். கேட்கப்படாததைச் செலுத்த அன்பும் நன்றியுணர்வும் வேண்டும். எனவேதான் ஒருவருடைய பண்பு கடனில் வெளிப்படுவதைவிடக் கொடையில் அதிகமாக வெளிப்படுகிறது.

தனக்குத் தானே எழுதிய அட்டை

ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஹிக்கிம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1983இல் தொடங்கப்பட்ட அஞ்சலகம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. உலகின் மிக உயரமான அஞ்சலகங்களுள் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் அங்கே சென்று பட அட்டைகளை வாங்கி எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தபால் மலைப்பாதையில் காசா என்ற ஊருக்கு இறங்கி, அங்கிருந்து பேருந்திலும் பின்னர் ரயிலிலுமாகச் சமவெளிக்கு வந்து சேர வேண்டும். பயணி வீடு திரும்பிப் பல நாள்கள் கழித்தே அட்டை வருவதும் உண்டு.

அந்த நாக்பூர் அலுவலரும் ஹிக்கிமுக்குச் சென்றிருந்தார். ஓர் அட்டை வாங்கி எழுதினார். முகவரிப் பகுதியில் அவர் எழுதியது தம் சொந்த முகவரி. அங்கே செல்பவர் பலரும் ஞாபகார்த்தமாக இவ்வாறு செய்வதுண்டு. இதில் தவறு ஏதும் இல்லை. ஆயினும் எண்ணிப் பார்க்க இடம் இருக்கிறது. நண்பரின் அட்டை அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்து காத்திருந்தது. அவருடைய சொந்த அட்டை இன்னும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அது வந்து சேரும்போது அவர் அறியாத எதையும் அவருக்குச் சொல்லப்போவதில்லை. 'நான் அங்கே இருந்தேன்' என்பதற்கு அது சான்று. எழுநூறு புகைப்படங்களும் சொல்வது அதையே. 'அங்கே இருந்தபோது என் மனத்தில் இன்னொருவரும் இருந்தார்' என்பதற்குச் சான்றாக அவரிடம் ஒன்றும் இல்லை.

தொலைவில் இருப்பவன் தன்னையன்றிப் பிறரை எண்ண முடியும் என்பதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கை சான்றாக நிற்கிறது. 1930இல் எரவாடா சிறையில் இருந்தபோது, சபர்மதி ஆசிரமவாசிகளுக்கு அவர் வாரந்தோறும் கடிதம் எழுதி, ஆசிரம விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கினார். வலக்கை களைத்தால் இடக்கையால் எழுதும் பழக்கமும் அவருக்கு இருந்தது. வசதியும் ஓய்வும் கிடைத்தால்தான் பிறரை நினைக்க முடியும் என்று கருதுவோருக்கு அந்தச் சிறையறை விடை கூறுகிறது.

தாமதம் என்னும் திருடன்

நல்ல மனிதர்கள் பெரும்பாலும் விடையெழுத மறுப்பதில்லை, தள்ளிப்போடுகிறார்கள். துணிகளைத் துவைத்த பிறகு, அலுவலகத்தில் குவிந்த வேலை குறைந்த பிறகு, பண்டிகை முடிந்த பிறகு என்று நாள்கள் செல்கின்றன. நான்கு வரிக்கு நான்கு வரியில் விடையெழுதிவிடலாம். ஆனால் ஒரு மாதம் கடந்ததும் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதாகிறது. மூன்று மாதம் கடந்தால் அந்தக் காரணமே நீண்ட கடிதமாகிவிடும். அதை எழுத நேரம் கிடைப்பதில்லை. இவ்வாறு சிறிய கடமை, செய்யப்படாததாலேயே பெரிதாகிச் செய்ய முடியாததாகிறது.

வட இந்தியக் கிராமங்களில் மரணச் செய்தி தாங்கிய அட்டையின் மூலையைக் கிழித்து அனுப்பும் வழக்கம் இருந்தது. எழுத்தறியாதவரும் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் செய்தியை உணர்ந்துகொள்வர். காலம் கடந்து அனுப்பப்படும் விடைகளுக்கு நேர்வது மற்றொன்று. 'பெறுநர் காலமாகிவிட்டார்' என்று தபால்காரரின் கையெழுத்தில் ஒரு குறிப்போடு அவை எழுதியவரிடமே திரும்பி வருகின்றன. நதிக்கரையில் உட்கார்ந்து ஒருவரை நினைத்தவர், தாம் எழுதியது போய்ச் சேர்ந்ததா என்பதை அறியாமலே போய்விடுகிறார். அந்தக் கணக்கைத் தீர்க்க எந்த அஞ்சலகமும் உதவாது.

விடை எப்படி அமைய வேண்டும்?

முதலாவது, அது விரைவில் செல்ல வேண்டும். பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் அன்றைக்கே செல்வது உத்தமம். இரண்டாவது, அது நண்பரைப் பற்றித் தொடங்க வேண்டும். பயணம் முடித்து வந்தவனுக்குத் தன் பயணமே பெரிதாகத் தெரியும். மலையையும் பனியையும் வர்ணிக்கவே கை துடிக்கும். தனியே இருப்பவருக்கு அது தம் தனிமையைச் சுட்டிக்காட்டுவதாக முடியலாம். படிகளில் இறங்கும்போது முழங்கால் வலிக்கிறதா, மாலையில் துணைக்கு யார் வருகிறார்கள் என்ற விசாரிப்பு முன்னால் வரட்டும். மலை பின்னால் வரட்டும். மூன்றாவது, அது ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும். இருநூறு பேர் அடங்கிய குழுவுக்கு ஒரே நொடியில் அனுப்பப்படும் கைப்பேசி வாழ்த்து, எவரையும் தனித்து நினைத்ததாகாது. விடை அஞ்சலட்டையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொலைபேசியில் அழைத்துப் பேசலாம். ஒரே இரவு ரயில் பயணத்தில் நேரிலேயே போய் நிற்கலாம். எந்த வழியானாலும் ஒரு பெயரும் ஒரு முகமும் மனத்தில் இருந்தால் போதும்.

விடையெழுதுவதோடு கடமை முடிந்துவிடுவதும் இல்லை. நினைக்கப்பட்டவன் நினைப்பவனாக மாறும்போதே அன்பு ஓர் அடி முன்னேறுகிறது. தபால்காரர் ஒருநாளும் நின்று பெயர் சொல்லி அழைக்காத வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் உள்ளன. அங்கே இருப்பவர்கள் எவருக்கும் எழுதாதவர்கள். ஆகவே எவரும் அவர்களுக்கு எழுதுவதில்லை. முதல் அட்டையை யாராவது ஒருவர் எழுதியாக வேண்டும். அதற்குப் பனிமலையும் வேண்டியதில்லை, நர்மதைக் கரையும் வேண்டியதில்லை. 14 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு அட்டை, நான்கு வரி, பிழையில்லாமல் எழுதிய ஒரு முகவரி ஆகியவையே போதுமானவை.