நகரும் மூளை, நகராத கம்பி

மூளை அசையாத பொருள் அல்ல. மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் அது அசைகிறது. நியூரான்களைப் பதிவுசெய்யச் செருகிய கம்பியைச் சுற்றித் திசு மெல்ல நகர்ந்து அமர்கிறது. மைக்ரான் அளவில்தான். ஆனால் நியூரோபிக்சல்ஸ் போன்ற மின்முனைக் கம்பியில் ஒரு நியூரானை அடையாளம் காண்பதே, அதன் மின்துடிப்பு எந்தெந்த முனையில் எவ்வளவு பலமாகப் பதிகிறது என்பதை வைத்துத்தான். 2017இல் வெளிவந்த அந்தக் கம்பி, 384 தடங்களில் நொடிக்கு 30,000 முறை மின்னழுத்தத்தை அளக்கிறது. இடம் சற்றே மாறினால் ஒரே நியூரான் இரண்டாகக் கணக்கில் ஏறும். அல்லது பாதியில் மௌனமானது போலத் தோன்றும். கற்றலால் விளைந்த மாற்றம் என்று அதை ஒருவர் எழுதிவிடவும் கூடும்.

மரியஸ் பச்சிதாரியு குழுவின் கிலோசார்ட் மென்பொருள் இந்த நகர்வைக் கையாளும் விதம் அழகானது. தனி நியூரானை அது முதலில் தேடுவதில்லை. பதிவைச் சில நொடித் துண்டுகளாக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு பலமான துடிப்புகள் விழுகின்றன என்று படம் வரைகிறது. அந்தப் படங்களை மேலும் கீழும் நகர்த்திப் பொருத்தினால் நகர்வின் அளவு தெரிந்துவிடும். அதற்கேற்பப் பதிவையே இடம் திருத்திய பிறகுதான் துடிப்புகளை நியூரான் வாரியாகப் பிரிக்கிறது. 2021இல் வந்த இரண்டாம் பதிப்பு நியூரோபிக்சல்ஸ் கம்பியில் முனைகளை நெருக்கமாக, நேர்வரிசையில் அமைத்ததும் இந்தத் திருத்தத்துக்கு உதவத்தான்.

மூளை திடீரெனக் குலுங்கினால் எந்த மென்பொருளும் தடுமாறும். ஆகவே, ஆய்வு மாணவர்களே, கிடைத்த நியூரான்களை எண்ணும் முன் நகர்வு வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.