சாட்சியுள்ள வாழ்வு

ஆலயத்தில் ஒரு முகம், கடைத்தெருவில் வேறொரு முகம் என்றில்லாமல், எங்கும் ஒரே ஆளாக நடப்பதையே கிறிஸ்தவ அறம் நேர்மை என்கிறது. அப்படி வாழ்பவரைச் ‘சாட்சியுள்ளவர்’ என்று சபையார் சொல்வார்கள். ஆனால் பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒருவர் நல்லவராக நடந்தால் அது நேர்மையாகுமா?

மத்தேயு சுவிசேஷத்தின் மலைப்பிரசங்கத்திலேயே இந்த இழுபறி தென்படுகிறது. மனிதர் நற்செயல்களைக் கண்டு கடவுளைப் புகழும்படி சீடர்களின் வெளிச்சம் தெரிய வேண்டும் என்று 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அடுத்த அதிகாரத்திலோ, மனிதர் காண்பதற்காகத் தர்மம் செய்பவர்களை மாயக்காரர் என்று கண்டிக்கிறார். வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. முதலாவதில் புகழ் கடவுளுக்குப் போகிறது. இரண்டாவதில் செய்தவரிடமே தங்கிவிடுகிறது. நற்செயல் வெளியே தெரிவதில் குற்றமில்லை. யாரும் பார்க்காவிட்டால் அதைச் செய்யாமல் விடுவதில்தான் குற்றம்.

முன்மாதிரி எப்படி உருவாகிறது என்பதற்குத் தஞ்சை வரலாற்றில் நல்ல சான்று உண்டு. ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்து 1798இல் காலமானார். 1779இல் ஆங்கிலேயருக்காக மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது சென்றபோது, வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அரசு ஏற்காததால், ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு அதை மூலதனமாக்கினார். பின்னர் போரும் பஞ்சமும் தஞ்சைக் கோட்டையை நெருக்கியபோது, விலை கைக்கு வராது என்று அஞ்சிய உழவர்கள் அரசனை நம்பித் தானியம் தர மறுத்தார்கள். பணத்துக்குச் சுவார்ட்ஸ் பொறுப்பேற்றதும் மாடுகள் வந்தன, தானியம் வந்தது. சுமார் 80,000 கலம் கொள்முதலாயிற்று. உழவர்களுக்கு உரியதை அவரே தம் கையால் கொடுத்துத் தீர்த்தார்.

அந்த உழவர்கள் அவருடைய பிரசங்கத்தை எடைபோட்டு நம்பவில்லை. சொன்ன சொல் தவறாதவர் என்பது அவர்களுக்குப் பழக்கத்தில் தெரிந்திருந்தது. அவரைத் தந்தையைப் போல் மதித்த மன்னர் இரண்டாம் சரபோஜி, கடைசிவரை இந்துவாகவே இருந்தபோதிலும், ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு அவருக்குப் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். மதம் மாறாதவரும் மதிக்கும்படி வாழ்வதே சாட்சிக்குக் கடுமையான சோதனை. சபையை நடத்துபவர் புறத்தாரிடமும் நற்பெயர் பெற்றிருக்க வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் நிபந்தனை வைப்பதும் இதனால்தான்.

எனினும் எந்த மனிதரும் எல்லாவற்றிலும் முன்மாதிரி அல்லர். சுவார்ட்ஸ் காலத்துத் தஞ்சைச் சபையில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் நீடித்தது. அதைக் கைவிட வேண்டும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். பெரியவர் ஒருவர் பொறுத்துக்கொண்ட குறை, அடுத்த தலைமுறைக்கு உரிமையாகத் தோன்றிவிடுகிறது. நன்மையைப் போலவே தீமைக்கும் முன்மாதிரி உண்டு. அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாருடன் சாப்பிட்டுவந்த இயேசுவின் சீடர் பேதுரு, சிலருக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகியதும் பர்னபா உட்பட மற்றவர்களும் விலகினார்கள். ஒருவரின் தவறு பலரை இழுத்ததால்தான் பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார்.

இந்த நிகழ்ச்சி இன்றைய சபைகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பணம் கையாடப்பட்டாலோ பலவீனர் ஒருவர் துன்புறுத்தப்பட்டாலோ, ‘வெளியே தெரிந்தால் சாட்சி கெட்டுப்போகும்’ என்று மூடிமறைக்கும் பழக்கம் உண்டு. நற்பெயர் கெட்டால் பலருடைய விசுவாசம் தளரும் என்னும் கவலை பொய்யன்று. ஆனால் மறைப்பதால் காப்பாற்றப்படுவது பெயர் மட்டுமே. பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைப்பதில்லை, தவறு செய்தவரும் திருந்துவதில்லை. இயேசுவைச் சந்தித்த வரிவசூல் தலைவன் சகேயு தன் மோசடியை மறைக்க முயலவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக எல்லார் முன்னிலையிலும் சொன்னான். குற்றத்தை ஏற்று ஈடுசெய்வதும் சாட்சியே என்பதற்கு லூக்கா சுவிசேஷத்தில் இதைவிடத் தெளிவான இடமில்லை.

பிறர் கண் முன் வாழ்கிறோம் என்ற நினைப்பு ஒரு கடமையையும் தருகிறது. விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியை உண்பது தவறில்லை என்று தெரிந்தும், அது பலவீனமான சகோதரனுக்கு இடறலானால் இறைச்சியே உண்பதில்லை என்று பவுல் முடிவு செய்தார். இது ஊர் வாய்க்கு அஞ்சுவதன்று. பிறர் நலனுக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பது அன்பு. தன் பெயருக்காக உண்மையை விட்டுக்கொடுப்பது மாய்மாலம்.

ஆகவே முன்மாதிரியைக் குறிக்கோளாக வைத்து நேர்மையை அடைய முடியாது. கொடுத்த வாக்கைக் காப்பதிலும், பிறர் பணத்துக்குக் கணக்குச் சொல்வதிலும், செய்த தவறை ஏற்பதிலும் ஒருவர் உண்மையாயிருந்தால் முன்மாதிரி தானே அமையும். நேர்மையும் நற்பெயரும் எதிரெதிரே நிற்கும் நாளில் நற்பெயரை இழக்கத் துணிவதே கிறிஸ்தவனுக்கு உரிய வழி.