அறுந்த தங்கூசியின் மறுமுனை

எறிந்த குப்பைக்கு எறிந்தவர் பொறுப்பு. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எறியாமல், இழுத்துப் பிடித்தும் கையை மீறி அறுந்து போனதற்கு யார் பொறுப்பு? தூண்டில் போடுகிறவர்களிடம் கேட்டால், "அறுந்தது அறுந்ததுதான், அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்பார்கள். நியாயமான பதிலாகத்தான் தோன்றும். போன முள் நம்முடையது, போன ஈயக்குண்டு நம்முடையது, சிக்கியிருந்த மீனும் போயிற்று. நட்டப்பட்டவரையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதா?

நானும் தூண்டில்காரன்தான். அந்தக் கேள்வியை என்னை நோக்கியும் சேர்த்தே கேட்கிறேன்.

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலுக்குள் 250 மீட்டர் நீண்டிருக்கிறது பிடோக் படகுத்துறை. வார இறுதியானால் அதன் கைப்பிடிச் சுவரை ஒட்டி இடம் பிடிப்பதே ஒரு வேலை. மடக்கு நாற்காலியும் குளிர்பெட்டியுமாகக் குடும்பத்தோடு வரும் சீனர்கள், காற்றின் திசையை முகத்திலேயே அளந்துவிடும் மலாய்ப் பெரியவர்கள், ஒரு நாள் ஓய்வில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பேச்சோடு வந்து சேரும் கட்டுமானத் தொழிலாளர்கள். ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு ரீல் வைத்திருப்பவரும், தண்ணீர் போத்தலில் தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பவரும் அடுத்தடுத்து நிற்பார்கள். ஒருவருக்கு வஞ்சிரம் விழுந்தால் துறை முழுக்கத் தலை திரும்பும். இந்த நகரத்தில் முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு எளிதாகப் பேசிக்கொள்ளும் இடங்கள் அதிகமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தரையில் கிடப்பவற்றைப் பட்டியலிட வேண்டியதில்லை; எல்லா ஊர்த் துறையிலும் அதேதான். இறால் வந்த பிளாஸ்டிக் உறை, காலி டப்பா, முள் வாங்கிய அட்டை, கம்பியைச் சுற்றிச் சிக்கிக் கிடக்கும் நரம்பு. குப்பை போட்டு நீதிமன்றம் வரை போனால் முதல் முறைக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க இந்த நாட்டில் சட்டம் உண்டு. குப்பை போட்டவர்களையே பொது இடத்தைக் கூட்ட வைக்கும் தண்டனை 1992 முதல் நடப்பில் இருக்கிறது. இத்தனைக்கும் மீறி விழுவதைக் காலையில் வரும் துப்புரவு ஊழியர் அள்ளிவிடுகிறார். எறிந்தவரின் அலட்சியம் ஓர் இரவுக்கு மேல் கண்ணில் படுவதில்லை.

விளக்குமாறு கைப்பிடிச் சுவரோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே, துறையைத் தாங்கும் தூண்களிலும் அவற்றில் அடை அடையாக ஒட்டியிருக்கும் சிப்பிகளிலும் சிக்கி அறுந்த நரம்புகள், முட்கள், குண்டுகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. 2024 டிசம்பரில் ஒரு சரக்கு மிதவை மோதியதால் இந்தத் துறை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. மேலே தூண்டில் போட ஓர் ஆளும் இல்லை. கீழே கிடந்த தூண்டில்களுக்கு அது தெரியாது. கடந்துபோன மீனின் செவுளிலும் நண்டின் காலிலும் மாட்டுகிற வேலையை அவை தொடர்ந்து செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இது முன்பு இல்லாத சிக்கல். பருத்தி, சணல், பட்டு என்று நூலில் தூண்டில் கட்டிய காலத்தில், அறுந்த நூல் தண்ணீரில் ஊறி மக்கிவிடும். டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது 1938ல். அதன் பிறகு வந்த ஒற்றை இழைத் தங்கூசி தண்ணீரில் எளிதில் தெரியாது, எளிதில் இற்றுப்போகாது. கடலில் அது மக்க 600 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஒரு கணிப்பைச் சொல்வார்கள். நைலானுக்கே இன்னும் நூறு வயது நிரம்பவில்லை என்பதால், இருந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. ஆனால் ஒன்று உறுதி: கடையில் எந்தக் குணங்களுக்காக அந்தச் சுருளைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதே குணங்கள்தான் அறுந்த பிறகு அதைக் கொடியதாக ஆக்குகின்றன. மீன் கண்ணுக்குத் தெரியாதது பறவைக் கண்ணுக்கும் தெரியாது. வஞ்சிரத்தின் இழுப்புக்கு அறாதது ஒரு கொக்கின் காலுக்கு அறவே அறாது.

"கடலில் சேரும் குப்பையில் நம்ம பங்கு எவ்வளவு? கப்பலையும் ஆலையையும் கேளுங்க" என்று ஒரு வாதம் உண்டு. எடை போட்டால் அது சரிதான். ஒரு பிற்பகலில் ஒருவர் இழப்பது சில மீட்டர் நரம்பும் இரண்டு முள்ளும். ஆனால் நாம் கடலில் ஏதோ ஓரிடத்தில் இழப்பதில்லை. மீன் எங்கே கூடுமோ, அதைத் தேடிப் பறவை எங்கே வருமோ, அந்த இடமாகப் பார்த்துத்தான் போய் நிற்கிறோம். நல்ல இடம் என்று பேர் வாங்கிவிட்டால் இன்னும் நூறு பேர் வருகிறார்கள். ஒவ்வொருவர் இழப்பதும் கொஞ்சம்; எல்லாம் போய்ச் சேருவது ஒரே தூணடியில். தனித்தனியே யாரும் பெரிதாக எதையும் செய்யாமலே கெட்டுப்போகும் இடங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

இனி, வேண்டுமென்றே செய்யவில்லை என்ற வாதம். இதைத்தான் நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். இன்று இந்த வீச்சில் என் நரம்பு அறும் என்று எனக்குத் தெரியாது, உண்மை. இந்த வருடத்தில் பலமுறை அறும் என்பது தெரியுமா? தெரியும். அதற்குச் சாட்சி என் தூண்டில் பெட்டியிலேயே இருக்கிறது. ஈயக்குண்டு தேய்வதில்லை, தீர்வதில்லை, கெட்டுப்போவதில்லை. தொலையாது என்றால் ஒன்றிரண்டை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் பொட்டலம் பொட்டலமாக வாங்குகிறோம். தொலையும் என்று தெரிந்துதான் வாங்குகிறோம். ஒவ்வொரு இழப்பும் தற்செயல். மொத்த இழப்போ முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வைத்தது. தெரிந்து வைத்திருக்கும் ஒன்றைத் தற்செயல் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்?

இந்தக் கேள்வியை ஒரு நாடே எதிர்கொண்ட கதை உண்டு. பிரிட்டனில் தேம்ஸ் முதலான ஆறுகளில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அன்னங்கள் செத்துக்கொண்டிருந்தன. அன்னம் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் பறவை. தூண்டில்காரர்கள் தவறவிட்டு ஆற்றடியில் கிடந்த ஈய மணிகளையும் அது கல்லென்று விழுங்கியது. அரைவைப்பைக்குள் ஈயம் தேய்ந்து ரத்தத்தில் கலந்தது. தசை தளர்ந்து, அந்த நீண்ட கழுத்து நிமிர முடியாமல் முதுகில் சரிந்தது. உள்ளே போன இரை கீழே இறங்காமல் பறவை பட்டினியில் செத்தது. ஈயத்தைத் தவறவிட்டவர்களில் ஒருவர்கூட அன்னத்தைக் கொல்ல நினைத்தவர் இல்லை.

அவர்களைத் தண்டித்திருந்தால் பயன் இருந்திருக்காது. யார் குண்டு, எப்போது விழுந்தது என்று யாரால் சொல்ல முடியும்? 1986ல் விதிகள் இயற்றி, 1987 முதல், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளின் விற்பனையையும் இறக்குமதியையும் நிறுத்தினார்கள். அன்னம் விழுங்கக்கூடிய அளவுகள் அவை. வெள்ளீயத்திலும் டங்ஸ்டனிலும் எஃகிலும் குண்டுகள் வந்தன. தூண்டில்காரர்கள் முன்போலவே தவறவிட்டார்கள்; தவறியது கொல்லவில்லை. அன்னங்களின் எண்ணிக்கை மீண்டும் ஏறியது. இழப்பை யாராலும் தடுக்க முடியாது, இழக்கப்போவது எது என்பதை முன்னாலேயே தீர்மானிக்க முடியும் என்பதே அந்த அனுபவம் சொல்வது.

நல்ல தூண்டில்காரர்களின் கைப்பழக்கத்திலும் இதே அறிவு இருக்கிறது. பாறையும் தூணும் நிறைந்த இடத்தில் முதலில் சிக்குவது பெரும்பாலும் குண்டுதான். அதனால் குண்டை மட்டும் மெல்லிய, வலுக்குறைந்த நரம்பில் தனியாகக் கட்டுவார்கள். சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறும். முள்ளும் மீனும் மேலே வரும். முள் கட்டும் நரம்பை ரீலில் உள்ள நரம்பைவிட ஒரு படி மெலிதாக வைப்பார்கள். அப்போது அறுவது முள்ளருகே அறும். தண்ணீரில் தங்குவது ஒரு முழம்கூட இராது. கீறல் விழுந்த பழைய நரம்பை ரீலில் வைத்திருப்பவருக்கோ நடுவழியில் அறும், இருபது முப்பது மீட்டர் கீழே போய்விடும். துருப்பிடித்து உதிராத எஃகு முள்ளைத் தவிர்ப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அறுத்துக்கொண்டு போன மீன் சில வேளை முள்ளைத் தானே உதிர்த்துவிடும். வாயில் சிறு முள்ளோடு போவதற்கும், பின்னால் பத்து மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு போய்ப் பவளத்தில் மாட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அந்த மீனுக்கு உயிர் வித்தியாசம்.

இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. போத்தலில் நரம்பு சுற்றி வரும் தொழிலாளர்கள் ஈயக்குண்டுக்குப் பதிலாகப் பழைய இரும்பு நட்டைக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். காசில்லாததால் செய்வது, ஆனாலும் ஈயத்தைவிட அது மேல்.

முடிச்சுப் போடும்போது வரும் பொறுப்பு இது. அறுந்த பிறகு வருவது இன்னொன்று. ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடாவில், 1980 மே மாதம் கப்பல் மோதி இடிந்த ஸ்கைவே பாலத்தின் மிச்சப் பகுதிகள் மீன்பிடி துறைகளாகப் பயன்படுகின்றன. தூண்டில் இரைக்காகப் பாயும் கூழைக்கடாக்கள் அங்கே அடிக்கடி முள்ளில் மாட்டிக்கொள்கின்றன. பதறிப்போன மனிதர் செய்வது உடனே நரம்பை அறுத்துவிடுவது. பறவை பறந்துவிடும். பார்ப்பவருக்கு விடுதலை கொடுத்ததுபோல் இருக்கும். ஆனால் தொங்கும் நரம்போடு அது தன் கூட்டம் தங்கும் அலையாத்தி மரத்துக்குப் போகிறது. கிளையில் நரம்பு சுற்றிக்கொள்கிறது. அங்கேயே தொங்கிச் சாகிறது; அதே நரம்பு அடுத்து வரும் பறவைக்கும் கண்ணியாகிறது.

ஆகவே அங்கே சொல்லித் தருவது, அறுக்காதே என்பதுதான். பறவையை மெல்லச் சுற்றி இழுத்து, வளைய வலையால் மேலே தூக்கி, தலையைத் துணியால் மூடி, மூச்சுக்குச் சிறிது இடைவெளி விட்டு அலகைப் பிடித்து, முள்ளின் கூர்முனையை வெளியே தள்ளி நறுக்கிய பின் உருவ வேண்டும். சில நிமிட வேலை. கை நடுங்கும், அலகால் அடி விழும். அறுத்துவிடுவது இவ்வளவையும் மிச்சப்படுத்துகிறது. பல வேளைகளில் இரக்கம் என்று நாம் பெயர் வைப்பது, சங்கடம் கண்ணைவிட்டு அகன்றால் போதும் என்ற அவசரத்தைத்தான். 2023ல் அங்கே புதிய விதிகளும் வந்தன: பறவைகள் மிகுதியாகக் கூடும் குளிர்கால மாதங்களில் தெற்குத் துறையில் ஒன்றுக்கு மேற்பட்ட முள் கோத்த தூண்டில் கூடாது. பிடோக்கில் நாங்கள் 'அப்போலோ' என்று சொல்லிச் சாதாரணமாக இறக்கும், சிறு முட்களை வரிசையாகக் கோத்த அதே ரகம்.

அதே ஃபுளோரிடாவில் 2001 முதல் துறைகளில் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகப் பொருத்தி, கழித்த நரம்பைப் போடச் சொல்கிறார்கள். சேர்வது உருக்கி மறுபயன்பாட்டுக்குப் போகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழாய்க்குள் கையில் இருக்கும் நரம்பைத்தான் போட முடியும். தூணில் சிக்கியதற்கு அது உதவாது. பல இழைகளைப் பின்னிய நரம்பை அந்த மறுசுழற்சி ஏற்பதும் இல்லை. குப்பைத் தொட்டி, சட்டம், தொண்டர்கள் முக்குளித்து அள்ளுவது எல்லாமே பின்னால் வருபவை. முதலில் வருவது முடிச்சு.

இப்படி எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தால் பொழுதுபோக்கில் என்ன சுகம் என்று கேட்கலாம். தூண்டிலின் இன்பமே தெரியாமையில்தான் இருக்கிறது. கீழே எது கவ்வும் என்று தெரியாமல் நிற்பதில். அந்தத் தெரியாமையை யாரும் பறிக்கவில்லை. "இவ்ளோ பெரிசு, அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்று கையை அகட்டிச் சொல்லும் கதையும் இருக்கட்டும். அந்தக் கதையில் இன்னொரு வரி சேரட்டும்: அது எவ்வளவு நரம்போடு போனது?

தூண்டிலுக்கு வெளியேயும் இந்தக் கேள்வி பொருந்துகிறது. தெரிந்த ஒருவர் நண்பரை ஜாமீன் கையெழுத்துப் போட வைத்துத் தொழில் தொடங்கினார். தொழில் நொடித்தது. "நான் யாரையும் ஏமாத்தலையே, நானும்தானே தோத்தேன்" என்றார். அது பொய்யில்லை. நொடித்தது அவர் குற்றமும் இல்லை. ஆனால் கையெழுத்து வாங்கும்போது, நொடித்தால் நண்பர் தலையில் எவ்வளவு விழும், அதை எங்கே நிறுத்தலாம் என்று அவர் அளக்கவில்லை. நல்ல எண்ணம் தொடக்கத்தில் இருந்தது. அறுந்த இடத்தில் அது இருக்கவில்லை.

அறவே அறாத நரம்பை யாரும் கட்ட முடியாது. அப்படி ஒன்று இருந்தால் அதைவிட ஆபத்தானது வேறில்லை. அறுவதற்காக வெட்கப்படவும் தேவையில்லை. நட்டம் எல்லோருக்கும் வரும். அதில் எவ்வளவு நீளம் அடுத்த உயிரின் காலில் சுற்றும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம், அதுவும் வீசுவதற்கு முன்பு மட்டுமே.